சந்தனப் பொட்டு வைத்த காரும் என் வீட்டு மிஸ்ஸியும்

போன சனிக்கிழமை மத்தியானம் கெலுகோர் போகிற வழியில் என் கார் நின்றுவிட்டது.

'அதில் என்ன அதிசயம்?' என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் காரை என் சொந்தக்காரர்களைவிட நன்றாகத் தெரியும். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம் அதை வாங்கிய புதிதில், வேறு விஷயமே இல்லாதவனைப் போல அதைப் பற்றியே எழுதி உங்கள் உயிரை வாங்கினேன். ஆனால் ஒரு மாதமாகக் கார் என்ற வார்த்தையே இந்தப் பக்கத்தில் வரவில்லை... கவனித்தீர்களா? பெருமை பேசிய வாயால் எப்படிப் புலம்புவது என்று பேசாமல் இருந்தேன்.

இன்று பேசலாம். இன்றைக்கு எனக்கு வேறொரு பெருமை கிடைத்திருக்கிறது. காரால் அல்ல – என் மனைவி கமலத்தால்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கமலம் ஆஸ்பத்திரியில் முறையாகப் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, சர்ட்டிபிகேட் வாங்கிய மிட்வைஃப். நம் ஜனங்களுக்கு அவள் 'மிஸ்ஸி'. பினாங்கில் பிரசவம் பார்க்கிற தமிழ் மிஸ்ஸிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நானோ கடற்கரைத் தெரு ஆபீஸ் ஒன்றில் கிராணி. பகலில் துரைக்குக் கணக்கு எழுதுகிறேன். ஓய்ந்த நேரத்தில் உங்களுக்கு இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறவர்களில் யாராவது என்னைத் தேடி வந்ததுண்டா? இதுவரை இல்லை.

கார் வாங்கியதே அவளுக்காகத்தான். டவுனுக்குள் பிரசவம் என்றால் ரிக்‌ஷா போதும். ஜெலுத்தோங், கெலுகோர் என்று தள்ளிப் போக வேண்டுமானால்? வலி கண்டவள் பஸ்ஸுக்காகக் காத்திருப்பாளா? நான் டிரைவர், அவள் பின் சீட்டில் கறுப்புப் பையோடு – இப்படித்தான் எத்தனையோ பிள்ளைகள் பிறந்த வீட்டு வாசலில் நான் ஹாரன் அடித்திருக்கிறேன்.

இந்த ஏற்பாடு ஆயுத பூஜை வரைக்கும் நன்றாகத்தான் நடந்தது.

பூஜை முடிந்த சில நாளில் காருக்கு ஒரு வியாதி வந்தது. டவுனுக்குள் ஓட்டினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஊரைத் தாண்டி நாலைந்து மைல் போனதும் திணற ஆரம்பிக்கும். கொஞ்ச தூரம் விக்கி விக்கி ஓடும். அப்புறம் நின்றுவிடும். நான் இறங்குவேன். பானெட்டைத் திறந்து உள்ளே பார்ப்பேன். ஒன்றும் புரியாது. சரி, நமக்குப் புரிந்ததையாவது செய்வோம் என்று பெட்ரோல் மூடியைக் கழற்றி, குச்சியை விட்டுப் பார்ப்பேன். பெட்ரோல் இருக்கும். மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால்... ஓடும். ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இன்னும் நாலைந்து மைல் போனால் மறுபடி அதே கதை.

டத்தோ கிராமட் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். கெட்டிக்கார மனிதர், கைராசிக்காரர், யாரையும் ஏமாற்றுகிறவர் அல்லர். அவரிடம் ஒரே ஒரு குணம் – நாம் பேச்சை முடிக்கும்வரை அவரால் பொறுக்க முடியாது.

"வண்டி கொஞ்ச தூரம் போனதும்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பிளக்," என்றார்.

பிளக்குகளை மாற்றினார். பட்டறையிலிருந்து கடைத்தெரு வரை ஓட்டிக் காட்டினார். ஜோராக ஓடியது. ஊருக்குள்தான் அது எப்போதும் ஜோராக ஓடுமே. அந்த வாரமே ஜெலுத்தோங் தாண்டி நின்றது.

"காயில்," என்றார் அடுத்த தடவை. புதுக் காயில் போட்டார். நின்றது.

"கார்புரேட்டர். அதான். நான் மொதல்லயே சந்தேகப்பட்டேன் கிராணியாரே," என்றார் அதற்கடுத்த தடவை. முதலிலேயே சந்தேகப்பட்டதை முதலிலேயே மாற்றினால் என்ன என்று நான் கேட்கவில்லை. கார்புரேட்டர் சிங்கப்பூரிலிருந்து வந்தது. கூடவே பில்லும் வந்தது. அதை இங்கே எழுதினால், இதை யாராவது என் துரைக்குப் படித்துக் காட்டி, 'இவனுக்குச் சம்பளம் அதிகம்போல் இருக்கிறதே' என்று அவர் யோசிக்க இடம் கொடுத்ததாகிவிடும். வேண்டாம்.

புதுக் கார்புரேட்டரோடும் கார் நின்றது.

பட்டறை வைத்தியம் ஒரு பக்கம். தெய்வ வைத்தியமும் விடவில்லை. தண்ணீர்மலை முருகனுக்குக் காரின் பேரில் அர்ச்சனை செய்தேன். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டபோது திருதிருவென்று விழித்தேன். வீட்டில் எலுமிச்சம்பழம் கட்டினோம், பூசணிக்காய் உடைத்தோம். ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனப் பொட்டு வைத்தவள் கமலம். வெள்ளிக்கிழமைதோறும் அதன் மேலேயே புதுச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இடுவாள். கார் மக்கர் செய்யத் தொடங்கிய பிறகு, பாவம், திருஷ்டிதான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தாராளமாகவே அப்பினாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று நடந்தது.

ஜெலுத்தோங்கில் ஒரு பிரசவத்துக்குப் போகும்போது கார் நின்றது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பெட்ரோலைக்கூடப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்துகொண்டே இருந்தேன். அது அசையவில்லை. கமலம் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பேச்சு பரவிவிட்டது. "மிஸ்ஸி நல்லவங்கதான்லா. அந்தக் கரேத்தாவ நம்பி எப்படிக் கூப்பிடறது?" – காருக்கு மலாய்ப் பெயர் சொல்லி, இதை ஒரு மளிகைக் கடையில் என் காதுபடவே ஒருவர் சொன்னார்.

அப்புறம் கதவைத் தட்டுவது குறைந்தது. கமலம் பையைத் திறந்து, ஏற்கெனவே வெந்நீரில் போட்டு எடுத்த கத்திரிக்கோலை மறுபடி வெந்நீரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மேஸ்திரியிடம் போய்க் கத்தினேன். அவர் வெகுநேரம் யோசித்து – ஆமாம், அன்று யோசித்தார் – கடைசித் தீர்ப்பைச் சொன்னார்: "இஞ்சினை எறக்கணும். திங்கக்கிழமை கொண்டாந்து விடுங்க. எப்படியும் ஒரு மாசம் ஆகும்."

கூலியும் சாமானும் எவ்வளவு ஆகும் என்று அவர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். கமலத்தின் கை கழுத்துச் சங்கிலிக்குப் போனது. "சங்கிலி போனாப் போகுது. ஒரு மாசம் கார் இல்லாம கெலுகோர் செல்லம்மாவுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?" என்றாள்.

செல்லம்மா கெலுகோர் தோட்டத்தில் வேலை செய்யும் முனியாண்டியின் மனைவி. முதல் பிள்ளையைப் பிரசவத்தில் பறிகொடுத்தவள். அப்போது உதவிக்கு ஆள் வந்து சேரவில்லை. இந்தத் தடவை, "நான் பக்கத்துல இருப்பேன், பயப்படாத," என்று கமலம் அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமைதான், நான் முதலில் சொன்ன சனிக்கிழமை. ஆபீஸ் அரை நாள். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். முனியாண்டி சைக்கிளில் வந்து வாசலில் விழாத குறையாக இறங்கினார்.

"மிஸ்ஸியம்மா, காலையிலேர்ந்து வலி. போன தடவை மாதிரியே இருக்குதுன்னு அழுவுது."

சைக்கிளை எங்கள் வாசலிலேயே போட்டுவிட்டு அவரும் காரில் ஏறினார். என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெலுத்தோங்கைத் தாண்டினோம். நான் மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினேன். இடது பக்கம் கடல் தெரிந்தது. கார் திணறியது... விக்கியது... தென்னந்தோப்பு ஓரமாக நின்றது.

முனியாண்டி கதவைத் திறந்துகொண்டு குதித்தார். "நான் ஓடிப் போயி ஏதாச்சும் வண்டி கொண்டாறேன்."

"இருங்க அண்ணே," என்றாள் கமலம். அவளும் இறங்கிவிட்டாள். நான் வழக்கம்போல் குச்சியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் மூடியிடம் போனேன்.

"ஏங்க, நில்லுங்க. என்ன செய்யப் போறீங்க?"

"பெட்ரோல் இருக்கான்னு பாக்கப் போறேன்."

"எந்தத் தடவையாவது இல்லாம இருந்துச்சா?"

"இல்ல."

"பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணா?"

"ஓடும்."

"பாக்காம ஸ்டார்ட் பண்ணி எப்பவாவது ஓடியிருக்கா?"

எனக்கு எரிச்சல். ஒருத்தி வலியில் துடிக்கிறாள், இவள் நடு ரோட்டில் வக்கீல் வேலை பார்க்கிறாளே என்று இருந்தது. ஆனாலும் யோசித்தேன். ஜெலுத்தோங் ஞாபகம் வந்தது. "ஓடல. அன்னைக்கு ஓடவே இல்ல."

"இந்தத் தொந்தரவு எப்பலேர்ந்து?"

"ஆயுத பூசைக்கு அப்புறந்தான்."

அவள் குரலை அப்போதுதான் கவனித்தேன். பிரசவ வீட்டில் அவள் பேசுகிற குரல் அது. எப்போதிலிருந்து வலி, எந்தப் பக்கம் படுத்தால் தேவலை, என்ன சாப்பிட்டாய் – இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவள் பையைத் திறப்பாள். என் காரைப் பற்றி இந்த ஒரு மாதத்தில் யாருமே அப்படிக் கேட்கவில்லை. மேஸ்திரியும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"இப்போ மெதுவா தெறங்க. யாரும் பேசாதீங்க."

மூடியை மெல்லத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். டாங்க் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். ஒவ்வொரு தடவையும் வந்திருக்கும், முணுமுணுத்துக்கொண்டே திருகுகிறவன் காதில் அது எப்படி விழும்?

கமலம் மூடியைக் கையில் வாங்கினாள். என் காரில் பெட்ரோல் மூடி எங்கே இருக்கிறது என்று சொல்ல மறந்துவிட்டேன். முன் கண்ணாடிக்குக் கீழே, சரியாக நடுவில் இருக்கிறது. காருக்கு நெற்றி என்று ஒன்று இருந்தால் அதுதான். பின்னே அவள் பொட்டை வேறு எங்கே வைப்பாள்? ஒரு மாதத்துச் சந்தனம் அடை அடையாக மூடியின் மேல் காய்ந்து கிடந்தது. அழிந்துவிடக் கூடாது என்று நான் எப்போதும் ஓரத்தைப் பிடித்துத்தான் திருகுவேன். மேஸ்திரியோ அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மூடியையே கழற்றுவார்.

"பால் டின்ல ஒத்த ஓட்டை போட்டா பால் ஊத்துதா? ரெண்டாவது ஓட்டை போட்டாத்தானே வருது," என்றாள். "காத்து உள்ள போனாத்தான் உள்ள இருக்கறது வெளிய வரும். இந்த மூடியில காத்து போறதுக்கு ஓட்டை இருக்கணும். அதை நான்தான் அடைச்சு வச்சிருக்கேன்."

கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவினாள். சந்தனத்தைச் சுரண்டினாள்.

"சாமிக்கு வச்ச பொட்டு, கமலம்..." என்றேன். நம்புவீர்களா? அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"புள்ள பொறக்கட்டும். சாமிகிட்ட நானே பேசிக்கிறேன்."

அடியில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. ஊசியால் குத்தினாள். மூடியை வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. நான் மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தேன். அதன் பிறகு கெலுகோர் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் வரை கார் ஒரு தடவைகூட விக்கவில்லை.

லயத்து வாசலில் நானும் முனியாண்டியும் நின்றோம். பிறகு அவர் குந்தி உட்கார்ந்தார். உள்ளே செல்லம்மாவின் அழுகை, கமலத்தின் குரல், மறுபடி அழுகை. பிறகு ஒரு சத்தமும் இல்லை. போன தடவையும் இப்படித்தான் சத்தம் நின்றது என்று முனியாண்டி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நானும் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

பிள்ளை அழுதது. முதலில் லேசாக, பிறகு லயமே கேட்கும்படி.

கமலம் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "பொம்பளப் புள்ள. அம்மாவும் நல்லா இருக்கு. கால் முன்னாடி வந்துச்சு... இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தேன்னா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். முனியாண்டி அவள் காலில் விழப் போனார். அவள் அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, "உள்ள போயி புள்ளையப் பாருங்க அண்ணே," என்றாள்.

அங்கே கூடியிருந்த பெண்களில் ஒருத்தி, "கார் நடுவுல நின்னுருச்சாமே மிஸ்ஸி? எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டாள். ஜெலுத்தோங் கதை அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது.

கமலத்தின் இடத்தில் நான் இருந்தால் பழியை மேஸ்திரி தலையில் போட்டிருப்பேன். அவர் தலையும் பெரிய தலைதான், தாங்கும். கமலம் என்ன செய்தாள் தெரியுமா? "கார் மேல தப்பு இல்லக்கா. நான் வச்ச சந்தனம் காத்து போற ஓட்டையை அடைச்சிருச்சு. ஜெலுத்தோங்குல நான் லேட்டானதும் அதனாலதான். இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன். இனிமே நிக்காது," என்றாள். அத்தனை பேர் முன்னால், நெளியாமல், குரல் தாழாமல்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நோயைக் கண்டுபிடிக்கிறவர்கள் ஊரில் சில பேர் இருக்கலாம். நோய்க்குக் காரணம் தன் கைதான் என்று தெரிந்த பிறகும் அதே கையை நீட்டிக் காட்டுகிறவர்கள் எத்தனை பேர்? என் மனைவி ஒருத்தி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. இன்னும் ஒரு வருஷத்துக்கு எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

திங்கட்கிழமை கார் பட்டறைக்குப் போனது. இஞ்சினை இறக்க அல்ல. கமலமும் கூட வந்தாள்.

மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டார். அதாவது, கமலம் பேசினால் யாருக்கும் குறுக்கே பேச வராது. கேட்டுவிட்டுச் சிரித்தார். "மிஸ்ஸியம்மா, கோவிச்சுக்காதீங்க. ஒரு பொட்டு சந்தனம் போயி ஒரு இஞ்சினை நிறுத்துமா?"

கமலம் கையோடு கொண்டுவந்திருந்த வாழையிலைத் துண்டைப் பிரித்தாள். உள்ளே அரைத்த சந்தனம். மூடியின் மேல் முன்போலவே தடிமனாக அப்பினாள். "காயட்டும். அப்புறம் ஊருக்கு வெளிய ஆயர் ஈத்தாம் வரைக்கும் ஒரு நடை ஓட்டிட்டு வாங்க மேஸ்திரி."

போனார். நாங்கள் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து காப்பி வாங்கிக் குடித்தோம். ஆறவைத்தே குடித்தோம். மேஸ்திரி திரும்பி வர அவ்வளவு நேரம் ஆனது. கார் ஓடித்தான் வந்தது. ஆனால் அதன் நெற்றி வெறுமையாக இருந்தது. பெட்ரோல் மூடி மேஸ்திரியின் மடியில் இருந்தது.

இறங்கி வந்தார். மூடியைக் கமலத்திடம் கொடுத்தார். "ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டைத் தாண்டி நின்னுருச்சு," என்றார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "சாமி பொட்டுன்னு கும்பிட்டேன். அதுக்கு அடியில பாக்கணும்னு தோணலயே... கூலியையாவது திருப்பித் தந்துடறேன்மா."

நான் வாயைத் திறந்தேன். கமலம் முந்திக்கொண்டாள். "நீங்க வேலை செஞ்சீங்க, கூலி வாங்கினீங்க. அது உங்களுது. அடுத்தவங்க வண்டிக்கு மட்டும் மொதல்ல என்ன ஏதுன்னு கேளுங்க. எங்களுக்கு ஆனது அவங்களுக்கு ஆக வேண்டாம்."

நானாக இருந்தால் விட்டிருப்பேனா? விட்டிருக்க மாட்டேன். புது பிளக், புதுக் காயில், சிங்கப்பூர்க் கார்புரேட்டர்... எல்லாம் இப்போது என் காரில்தான் இருக்கின்றன. பினாங்கிலேயே தேவையில்லாமல் இவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிற கார் என்னுடையதுதான் என்று நினைக்கிறேன்.

நாங்கள் கிளம்பும்போது ஒரு லாரிக்காரர் வந்தார். "மேஸ்திரி, வண்டி மேடு ஏறும்போது..." என்றார்.

மேஸ்திரி வாயைத் திறந்தார். எந்தச் சாமானின் பெயர் வெளியே வர இருந்ததோ தெரியாது. எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாயை மூடினார். பிறகு, "எப்பலேர்ந்து அண்ணே?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தால் மேஸ்திரியை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. நாம் யார் கேட்கிறோம்? பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்றால் உடனே வேப்பெண்ணெய். மருமகள் முகம் வாடியிருந்தால் உடனே மந்திரித்த கயிறு. ஆபீஸில் ஒருவன் தாமதமாக வந்தால் உடனே சோம்பேறி. எப்போதிலிருந்து, எதனால் என்று ஒரு வார்த்தை கேட்க நமக்கு நேரம் இல்லை. மாற்றிய சாமான்களுக்குப் பில் கட்ட மட்டும் நேரம் இருக்கிறது.

இந்த வாரம் எங்கள் கதவை மறுபடி தட்டினார்கள். முதலில் வந்தது ஜெலுத்தோங்கிலிருந்து. "சந்தன மிஸ்ஸி வீடு இதுதானா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். கமலத்துக்கு ஒரு பட்டப்பெயரே வந்துவிட்டது. அவளுக்கு அதில் கோபம் இல்லை. எனக்கு அதில் பெருமைதான்.

நேற்று வெள்ளிக்கிழமை. கமலம் வழக்கம்போல் சந்தனம் அரைத்தாள். சாமியிடம் பேசிக்கொள்வதாகச் சொன்னாளே, பேசிவிட்டாள் போலிருக்கிறது. முகம் தெளிவாக இருந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு காரிடம் போனாள். மூடியைப் பார்த்தாள். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கதவில் மட்டும் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். பிறகு திரும்பி வந்து, மிச்சம் இருந்த அத்தனையையும் வழித்து என் நெற்றியில் அப்பினாள்.

"எனக்கு எதுக்கு இவ்வளவு?" என்றேன்.

"இங்க அடைபடறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே," என்றாள்.